லயத்தில் ரிசெப்ஷன் எங்கே?

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதற்குக்கூட வாய் வராமல், எல்லாம் தெரிந்ததுபோல் தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதைச் சொல்ல உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். முழுத் தகுதியும் உண்டு. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க வெட்கப்பட்டு, ஒரு வேன் நிறையப் பெண்களை மலையேற்றிக் கொண்டுபோய், ஒன்றரை மணி நேரத்தில் ஒரு குடும்பத்தின் மானத்தையும் என் மானத்தையும் சேர்த்து வாங்கியவள் நான்.

அந்தச் சொல், லயம்.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இடுக்கியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். நீளமாக ஒரே கூரை, அதன் கீழே எட்டோ பத்தோ கதவு, கதவுக்கு ஒரு குடும்பம். எனக்கு அப்போது தெரியாது. (சிரிக்காதீர்கள். எங்கள் நல்லேப்பிள்ளியில் நெல்தான் விளைகிறது. நெல்லுக்கு லயம் கிடையாது.) கேரளாவிலேயே பிறந்து வளர்ந்து, தினமும் இரண்டு மொழியில் பேப்பர் வாங்குகிற வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதா என்று என் மகன் இன்றைக்கும் கேட்கிறான். பேப்பர் வாங்குகிறேன் என்றுதானே சொன்னேன், படிக்கிறேன் என்று சொன்னேனா?

எங்கள் குழுவின் பெயர் 'காலாற'. சர்க்கரை, கொழுப்பு, மாமியார் என்று ஆளுக்கொரு காரணத்துக்காகச் சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடக்க ஆரம்பித்த ஐந்து பேர், ஒரு வருஷத்தில் பதினொரு பேர் ஆனோம். நடை குறைந்து பேச்சு கூடியது. பிறகு மாதம் ஒரு நாள் வேன் பிடித்து மலம்புழை, நெல்லியாம்பதி, ஏதாவது ஓர் ஆற்றங்கரை என்று கிளம்ப ஆரம்பித்தோம். யாருக்கும் காபி போடாமல், யாருடைய சாக்ஸையும் தேடாமல் ஒரு பகலை முழுசாகக் கழிக்கலாம் என்பதை நாற்பது வயதுக்குமேல் கண்டுபிடித்தவர்களின் சந்தோஷம் எங்களுடையது. அந்தக் குழுவுக்கு நான் செயலாளர். யாரும் ஓட்டுப் போடவில்லை. என் குரல் பெரிசு.

அருள்மேரி எங்களோடு கடைசியாகச் சேர்ந்தவள். எங்கள் ஊரில் வாடகைக்குக் குடிவந்தவள். எலப்புள்ளியில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர், சொந்த ஊர் இடுக்கிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அதிகம் பேச மாட்டாள். வேனில் எப்போதும் கடைசி சீட், வாந்தி வருகிறவர்களுக்குப் பக்கத்தில். (அந்த சீட்டை அவளுக்கு ஒதுக்கியது யார் என்று கேட்காதீர்கள்.)

ஒரு நாள் அவள் எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள்.

"அக்கா, இந்த மாசம் டூருக்கு எங்க லயத்துக்கு வாங்களேன். அம்மாவுக்கு இந்த மாசத்தோட வேல முடியுது. அப்புறம் அந்த எடம் கையவிட்டுப் போயிரும். அதுக்கு முன்னாடி ஒருக்கா நீங்க எல்லாரும் வந்து தங்கணும்னு அம்மா ஆசப்படுதாக. எல்லாருக்கும் தாராளமா எடம் இருக்குக்கா."

அவள் சொல்ல வந்தது இதுதான். அவளுடைய அம்மா செபஸ்தியம்மாள் முப்பத்தேழு வருஷம் கொழுந்து பறித்தவர். வேலை முடிந்தால் வீட்டைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த முப்பத்தேழு வருஷத்தில், சொந்தக்காரர்களைத் தவிர வெளியார் ஒருவர்கூட விருந்தாளி என்று வந்து அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. வீடு கையில் இருக்கும்போதே மகளின் சிநேகிதிகள் வந்து தங்க வேண்டும். அந்த அம்மாவின் ஆசை அதுதான், வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

நான் புரிந்துகொண்டது இது. அருள்மேரி குடும்பத்துக்கு மலையில் 'லயம்' என்று ஒரு ரிசார்ட் இருக்கிறது, அதை விற்கப் போகிறார்கள், அதற்குள் நம்மைக் கூப்பிடுகிறாள். அடிப்பாவி, இத்தனை நாள் எவ்வளவு அமுக்கமாக இருந்திருக்கிறாள்!

மனதின் ஓரத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. அருள்மேரியிடமே கேட்டிருக்கலாம். செயலாளர் கேட்பாளா? குழுவில் படித்தவர் என்று பெயரெடுத்த விசாலம் மாமியிடம் போனேன். மாமி பாலக்காடு டவுனில் கோயில் தெருவில் பிறந்தவர், பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"லயமா? பேஷ்!" என்றார் மாமி. "லயம்னா தாளத்தோட இழையறதாக்கும். ரிசார்ட்டுக்கு இப்படி ஒரு பேர் வெக்கணும்னா அவாளுக்கு என்ன ஞானம் இருக்கணும், கேட்டயா!"

கேட்டேன். கேட்டதால்தான் கெட்டேன். அன்றே அருள்மேரிக்கு போன் போட்டு, நோட்டும் பேனாவுமாக விசாரித்தேன்.

"எத்தன ரூம் கண்ணு?"

"ஒரே வரிசையில எட்டு வீடுக்கா."

(எட்டு காட்டேஜ். குறித்துக்கொண்டேன்.)

"எல்லாத்துக்கும் தனித்தனிக் கதவுதானே?"

"கதவு தனித்தனிதான். நடுவுல ஒத்தச் சுவரு. இங்கிட்டு இருமுனா அங்கிட்டுக் கேக்கும்."

(தமாஷ் பண்ணுகிறாள் என்று சிரித்துவைத்தேன்.)

"வெளிய பார்த்தா என்ன தெரியும்?"

"என்னத்த தெரியும், கண்ணுக்கு எட்டுன மட்டும் தேயிலதான்."

"சமையலு?"

"அம்மா பாத்துக்கிடுவாக. எட்டு வீட்டுலயும் ஆக்குறோம்னு சொல்லியிருக்காக."

(காட்டேஜுக்கு ஒரு சமையல்!)

"வண்டி எங்க நிறுத்தறது?"

"மஸ்டர் முன்னாடி நிறுத்திக்கிடலாம்க்கா."

மஸ்டர் என்றால் காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம். நான் அதை மாஸ்டர் என்று கேட்டு, பெரிய சமையல்காரர் வாசலிலேயே நிற்பார்போல என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் ஒரு பொய் சொல்லவில்லை. எல்லாப் பொய்யையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் அருள்மேரிக்கு எங்கள் நடுவில் இடம் கிடைத்தது. 'அருளு, அருளு' என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்தோம். அவள் பேசியதற்கெல்லாம் சிரித்தோம். அவளுக்கு வெட்கமும் பூரிப்புமாக முகம் சிவந்துவிட்டது. கடைசியில் தன்னையும் இவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று நம்பிவிட்டாள், பாவம். இதை எழுதும்போதுகூட எனக்கு என்னையே நாலு அறை விடலாம்போல இருக்கிறது.

அம்மாவுக்கு ஒத்தாசையாக அவள் ஒரு நாள் முன்னதாகவே ஊருக்குப் போய்விட்டாள். நாங்கள் பத்துப் பேர் மறுநாள் விடிகாலையில் கிளம்பினோம். நான் நீச்சல் குளத்துக்கென்று முழுக்கை பனியனும், குளிக்கும்போது தலையில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தொப்பி பதினொன்றும் வாங்கியிருந்தேன். மாமி சுருதிப் பெட்டியோடு வந்தார். வேனின் முன்னால், என் சொந்த யோசனையில், ஃபிளெக்ஸ் பேனர்: 'லயம் ரிசார்ட் நோக்கி காலாற மகளிர் குழு'. எழுத்து அரை அடி உயரம். தூரத்திலிருந்தே படிக்க வேண்டும் என்று அச்சுக்கடையில் சண்டை போட்டு அடிக்கச் சொன்னது.

பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு செக்போஸ்ட், மறையூர் என்று ஏறி, அதற்கும் மேலே தோட்டத்துக்குள் நுழையும்போது மத்தியானம். தகரக் கூரை போட்ட நீள வரிசை ஒன்றின் முன்னால் வேன் நின்றது. கிறிஸ்துமஸுக்குக் கட்டுகிற ஜிகினாத் தாளெல்லாம் கட்டி, படிகளைக் கழுவி, எட்டு வாசலிலும் பெண்கள் நல்ல சேலை கட்டி நின்றார்கள். வேலையாட்கள் குடியிருப்பே இப்படி என்றால் ரிசார்ட் எப்படி இருக்கும் என்று நான் பூரித்துப் போனேன். பேனரை ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படிப்பதும், பக்கத்தில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வதும் தெரிந்தது. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மா, அறுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்து வரவேற்க நீட்டிய கை அது. நான் அந்தக் கையில் என் பையை மாட்டினேன்.

"மெதுவா எடுத்துட்டு வாங்க, உள்ள கண்ணாடிச் சாமான் இருக்குது. ரிசெப்ஷன் எங்கீங்க?"

"என்னம்மா?"

"மொதலாளி, மொதலாளி! எங்க இருப்பாங்கோ?"

அந்த அம்மா குழம்பிப்போனார். "மொதலாளியெல்லாம் இங்கிட்டு ஏதும்மா? தொர பங்களா மேல இருக்கு. எதுக்குத் தேடுதீக? மொத உள்ள வாங்க..."

"அங்கதானுங்க போகோணும்" என்று வேனில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அது செபஸ்தியம்மாள் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை. அருள்மேரி மாதா கோயிலில் பெஞ்சு இரவல் வாங்கப் போயிருந்தாள். அவள் மட்டும் அங்கே நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

பங்களாவைப் பார்த்ததும் வேனில் ஒரே கூச்சல். வெள்ளைக் கேட், புல்வெளி, ரோஜாப் பாத்தி, ஊஞ்சல். ரிசார்ட் என்றால் இதுதானே! நீங்களே சொல்லுங்கள், இதைப் பார்த்து மேனேஜர் வீடு என்று யார் நினைப்பார்கள்? ஊஞ்சலில் மூன்று பேர் ஏறினார்கள். மாமி வராந்தாவில் சப்பணமிட்டுச் சுருதிப் பெட்டியைத் திறந்தார். நான் பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, வந்ததும் குடிக்க ஏதோ தருவார்களாமே, அது பத்து கிளாஸ் கொண்டுவரச் சொன்னேன். அவர் குழாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

சாப்பிட்ட கையோடு ஒருவர் வெளியே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், மலையாளி.

"நீங்கள் ஆரா?" என்றார்.

"இப்படியா ஒரு வரவேற்பு?" என்று நான் எழுந்தேன். (கோபம் வந்தால் எனக்கு எந்த ஊர் மேனேஜரும் ஒன்றுதான்.) "அருள்மேரி மேடம் சொல்லலீங்களா? எட்டு காட்டேஜும் எங்களுக்குத்தான். ராத்திரி தங்கறோம்."

"எந்த அருள்மேரி?"

"உங்க மொதலாளி பொண்ணையே தெரியாதுங்களா? நல்லா வெச்சிருக்கீங்க வேலைக்கு ஆளு!"

அவர் கேட்டில் நின்ற வேனையும், அரை அடி எழுத்தையும் பார்த்தார். மெதுவாக அவருக்கு விளங்கியது. "செபஸ்தியம்மாளின்டெ மகளோ? அம்மே, லயம் என்னு வெச்சால் ரிசார்ட் அல்ல. தொழிலாளிகள் தாமசிக்கிற வீடு. நீங்கள் வந்த வழியில் கண்டில்லே, அந்த லைன். அதாணு லயம்."

சுருதிப் பெட்டி நின்றது. மாமி என்னைப் பார்த்தார், நான் மாமியைப் பார்த்தேன். தாளத்தோடு இழைகிறதாம்! அந்தக் கணத்தில் அந்தப் பெட்டியை எடுத்து ரோஜாப் பாத்தியில் வீசியிருப்பேன்.

அதோடு போனதா? மேனேஜரின் முகம் மாறியது. "ராத்திரி தங்கும் என்னு சொன்னீங்களே. லயத்தில் வெளியாள் தங்கணுமெங்கில் ஆபீஸில் அனுமதி வேணம். செபஸ்தியம்மாள் சோதிச்சிட்டில்ல. பற்றில்ல" என்றார். கேட்கவில்லை, அதனால் முடியாது என்கிறார். பிறகுதான் தெரிந்தது, சொந்தக்காரர்கள் வந்தால் யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லையாம், சத்தமில்லாமல் வந்து தங்கிவிட்டுப் போவார்களாம். நாங்களும் அப்படித்தான் தங்கியிருப்போம். நான்தான் வேலை மெனக்கெட்டு மேனேஜர் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்து, பேனர் கட்டி, சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

அப்போதுதான் குறுக்குப் பாதை வழியாக அந்த அம்மா ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. என் பை அவர் தோளில் இருந்தது. செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, வராந்தாவுக்குக் கீழே ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்றார். பின்னாலேயே அருள்மேரி ஓடி வந்தாள். வந்தவள் வேனின் முன்னால் நின்றுவிட்டாள். பேனரை ஒரு முறை படித்தாள். வாய்க்கால் கரையில் நாங்கள் அவள் கையைப் பிடித்தது எதற்கு என்று அந்த ஒரு வரியில் அவளுக்கு விளங்கிவிட்டது. கயிற்றை அவிழ்த்து, பேனரை எழுத்து உள்ளே போகும்படி நாலாக மடித்தாள்.

இந்த இடத்தில் நான் அந்த அம்மாவின் காலில் விழுந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் பையையாவது வாங்கியிருக்க வேண்டும். நான் மேனேஜரிடம் சண்டைக்குப் போனேன்.

"காலமெல்லாம் உங்களுக்கு ஒழைச்சவங்க ஊட்டுக்கு விருந்தாளி வர உங்ககிட்ட அனுமதியா? என்னுங்க நியாயம் இது?"

மேனேஜர் பயந்தாரா, பாவப்பட்டாரா தெரியவில்லை. "நீங்கள் திரிச்சுப் போகண்ட. இவிடெ கெஸ்ட் ரூம் ரெண்டு இருக்கு. வேணுமெங்கில் இன்னைக்கு இங்கே தங்கிக்கோங்க" என்றார்.

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள் என்று எழுதப் பார்க்கிறேன், ஒன்பது பேர் என்னைப் பார்த்தார்கள். நான் கெஸ்ட் ரூம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செபஸ்தியம்மாளும் தலையைக் குனிந்துகொண்டு, "இங்கனயே இருங்கம்மா. ஒங்களுக்கு வசதியா இருக்கும்" என்றார். குரல் உடைந்திருந்தது. எந்த முட்டாளுக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கும். அப்போது என் வாய், என் அனுமதி இல்லாமல், ஒரு கேள்வி கேட்டது.

"வெந்நீர் வருங்களா?"

அருள்மேரி தலையைத் திருப்பிக்கொண்டாள். செபஸ்தியம்மாள் நிமிர்ந்தார். அதுவரை ஒடுங்கி நின்ற மனுஷி, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று வராந்தாப் படியில் ஏறினார்.

"வரும். எங்க வீட்டுலயும் வரும். அடுப்புல வெச்சா வரும்!" என்றார் என்னிடம். அப்புறம் மேனேஜர் பக்கம் திரும்பினார். "சார், இவுக ஒங்க விருந்தாளி இல்ல, எனக்கு வந்தவுக. இன்னும் பதினோரு நாளுல வீட்டக் காலி பண்ணிச் சாவியத் தந்திருவேன். அதுக்கப்புறம் எனக்கு விருந்தாளி வந்தா எங்கன படுக்க வப்பேன்? எங்கன சோறு போடுவேன்? சீட்டு எழுதணும்னா இப்ப எழுதிக் குடுங்க. எட்டு வீட்டுலயும் சோறு ஆறுது."

மேனேஜர் உள்ளே போய், ஒரு ராத்திரிக்கு, பத்துப் பேருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். செபஸ்தியம்மாள் அதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "வாங்க போகலாம்" என்றார். நாங்கள் வேனில் ஏறவில்லை. வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, அவர் பின்னாலேயே இறங்கினோம். நான் பையைக் கேட்டேன், கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், "வழுக்கும், பாத்து வாங்க" என்றார்.

எட்டு வீட்டுச் சாப்பாட்டையும் சாப்பிட்டோம். ஒரு வீட்டில் கப்பைக் கிழங்கு, ஒரு வீட்டில் மீன், மாமிக்கென்று தனிப் பாத்திரத்தில் சாம்பார். எங்களைப் படுக்கவைக்க அவரவர் பாயையும் மெத்தையையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, எல்லாரும் கடைசி இரண்டு வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் நான் எழுந்து கதவைத் திறந்தால், எட்டு வீட்டிலிருந்தும் எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு குண்டா வெந்நீரோடு நிற்கிறார்கள். எட்டும் எனக்கு. குளிருக்கு நடுங்கிக்கொண்டிருந்த மற்ற ஒன்பது பேருக்கு ஒரு சொம்பு கிடையாது.

என் வீட்டில் இது இன்னும் ஓடுகிறது. ஆஸ்பத்திரியில் ரூம் போட்டாலும் சரி, மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் சரி, என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "மொதல்ல வெந்நீர் வருமான்னு கேளு" என்கிறார். பெண் வீட்டாரிடமே கதையைச் சொல்லிவிட்டார். சம்பந்தம் முடிந்தது. மருமகள் முதல் நாளே கேட்டாள்.

அருள்மேரி மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாதது நியாயம். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் 'ம்' என்றும் அப்புறம் 'அக்கா' என்றும் திரும்பி வந்தாள். அவள் அம்மா வீட்டைக் கொடுத்துவிட்டு மகளோடு நல்லேப்பிள்ளிக்கே வந்துவிட்டார். இப்போது 'காலாற' குழுவின் செயலாளர் அவர்தான். என் பதவி எப்போது பறிபோனது என்று எனக்கே தெரியாது. ஐந்தரைக்கு வேன் என்றால் ஐந்தரைக்குப் பெயர் கூப்பிடுகிறார். இரண்டு நிமிஷம் பிந்தினால், "இன்னைக்கு ஒங்களுக்கு அர நாளு சம்பளம் கட்" என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார்.

எனக்குக் கோபம் அதில் இல்லை. புதிதாக யாராவது குழுவில் சேர்ந்தால் மற்றவர்கள் முண்டியடித்துக்கொண்டு ரிசெப்ஷன் கதையைச் சொல்கிறார்கள், மாமி உட்பட. (தாளத்தோடு இழைந்ததை மட்டும் விட்டுவிடுகிறார்.) சொல்லட்டும், நானே எழுதிவிட்டேன். செபஸ்தியம்மாள் மட்டும் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. புதிதாக வந்தவர்களிடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பெருமையாக, "எங்க வீட்டுக்கு மொத மொத வந்த விருந்தாளி இவுகதான்" என்கிறார். கையில் பையை மாட்டியதைச் சொல்வதில்லை. புல்லில் நின்றதைச் சொல்வதில்லை. ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டினால் நானும் பதிலுக்குக் கத்தி, சண்டை போட்டு, அழுது, அதோடு முடித்துக்கொள்வேன். ஆறு வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன், அந்த அம்மா சொல்வதாக இல்லை.